கொடைக்கானல் ஏரிக்கரையில் இப்போது என்ன விசேஷம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்துவிட்டால் சமவெளியில் இருக்கும் சொந்தபந்தங்கள் அனைவருக்கும் என் நினைவு வந்துவிடும். மதுரையிலிருந்து பெரியம்மா மகன், திண்டுக்கல்லிலிருந்து கூடப் படித்த தோழி, பத்து வருடமாகப் பேசாத பழைய பக்கத்து வீட்டுக்காரர் என்று தொலைபேசி ஓயாது. நலம் விசாரிப்பு அரை நிமிடம். அதன்பின், "கோடை விழா எப்போது? பாஸ் வேண்டுமா? குறிஞ்சி பூத்திருக்கிறதாமே?" ஆளுக்கு ஆள் கேள்வி மாறுவதில்லை, நானும் பதிலை மாற்றுவதில்லை. அவற்றை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

கோடை விழா எந்தத் தேதியில் நடக்கும்?

மே மாதத்தின் பின்பாதியில். அதற்கு மேல் துல்லியமாக யாராவது ஜனவரியிலேயே சொன்னால் நம்ப வேண்டாம். விழாவையும் மலர்க் கண்காட்சியையும் நடத்துபவை அரசுத் துறைகள். மாவட்ட நிர்வாகம் தேதியை அறிவிப்பதற்கும் விழா தொடங்குவதற்கும் இடையில் பெரிய அவகாசம் இருக்காது. 2023-இல் மே 26 அன்று தொடங்கியது; 2024-இல் மே 17; 2025-இல் மே 24. கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் நடக்கவில்லை. ஆக, மே மூன்றாவது வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை எதற்கும் தயாராக இருப்பதுதான் நடைமுறை.

பள்ளி விடுமுறையைக் கணக்கிட்டு ஏப்ரலிலேயே அறை பதிவு செய்துவிட்டு, விழாவுக்கு முன்தினம் ஊர் திரும்பிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விழாதான் முக்கியம் என்றால் தேதி வந்த பிறகு அறை தேடுங்கள். கொடைக்கானல்தான் முக்கியம் என்றால் தேதியை மறந்துவிடுங்கள்.

மலர்க் கண்காட்சியில் அப்படி என்ன இருக்கிறது? வெறும் பூந்தொட்டிகள்தானே?

பூந்தொட்டிகளும் உண்டு. ஆனால் பார்க்க வேண்டியது பாத்திகளை.

கண்காட்சி நடப்பது ஏரியின் கிழக்குப் பக்கத்தில் உள்ள பிரையன்ட் பூங்காவில். 1908-இல் வன அதிகாரியாக இருந்த பிரையன்ட் உருவாக்கியது. பரப்பு 20 ஏக்கருக்குச் சற்று அதிகம். இப்போது தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. 2023-இல் நடந்தது 60-ஆவது மலர்க் கண்காட்சி.

மே மாதம் சில நாள் மட்டும் பார்க்கும் பூவுக்கு முந்தைய ஆண்டின் குளிர்காலத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. டேலியா, சால்வியா, பேன்சி, ஆஸ்டர், பெட்டூனியா என்று ஒவ்வொன்றும் பூக்க எடுத்துக்கொள்ளும் நாட்கள் வேறு. எல்லாம் ஒரே வாரத்தில் மலர வேண்டும் என்றால் கட்டம் கட்டமாக நட வேண்டும். நடுவில் டிசம்பர், ஜனவரி உறைபனி இளநாற்றைக் கருக்கிவிடும். ஏப்ரலில் கோடை மழை கொட்டித் தீர்த்தால் விரிந்த பூ அழுகிவிடும். விழாத் தேதி ஒரு வாரம் முன்னே பின்னே போனால் தோட்டக்காரர்களின் கணக்கே குலைந்துபோகும்.

நுழைவாயில் அருகே கார்னேஷன் பூக்களைக் குத்திக் குத்தி விலங்கு உருவங்களும் பெரிய வளைவுகளும் செய்து வைப்பார்கள். கூட்டம் முழுவதும் அங்கேதான் நின்று படம் எடுக்கும். எனக்கு அவற்றின்மேல் பெரிய ஈடுபாடு இல்லை. இரண்டாம் நாள் மாலைக்குள் யானையின் தும்பிக்கை வாடித் தொங்கத் தொடங்கிவிடும். பூங்காவின் உள்பக்கம் போனால் டேலியாப் பாத்திகள் இருக்கும். சிறு தட்டு அளவுக்கு விரிந்த பூ, அதன் கனம் தாங்காமல் குனிந்த தண்டு, தண்டுக்கு முட்டுக் கொடுத்த மூங்கில் குச்சி, குச்சியையும் தண்டையும் சேர்த்துக் கட்டிய வாழைநார் என்று அந்தப் பகுதியில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். காலையில் திறந்தவுடன் போங்கள். பதினோரு மணிக்கு மேல் போனால் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

ஏரியில் வாத்து பிடிக்கும் போட்டி நடக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கோடை விழாவில் ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் வேறுபாடில்லாமல் கரையில் முண்டியடித்து நிற்பது இந்த ஒரு போட்டிக்குத்தான்.

ஏரியில் வாத்துகளை விடுவார்கள். போட்டியாளர்கள் துடுப்புப் படகில் துரத்திப் போய்க் கையால் பிடிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். வாத்துக்கோ அது பிறந்த வீடு. படகில் இருப்பவருக்கோ திரும்பவே தெரியாத வண்டி. துடுப்புப் போடுகிறவர் எதிர்த் திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், வாத்து எங்கே என்று அவருக்குத் தெரியாது. முன்னால் குனிந்திருப்பவர், "இடது! இடது! ஐயோ, உன் இடது இல்லை, என் இடது!" என்று கத்துவார். படகு மெல்லத் திரும்பி முடிப்பதற்குள் வாத்து நாலு முழம் தள்ளிப் போய் நின்று சிறகைக் கோதிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒருவர் எட்டிப் பிடித்தேவிட்டார். கையில் மிஞ்சியது ஓர் இறகு மட்டும். அதையே தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினார். கரையில் எழுந்த கைதட்டல் வென்றவருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

வாத்துகளுக்கு இது வேடிக்கையாக இருக்காது என்பது எனக்கும் தோன்றுவதுண்டு. கரையில் நின்று சிரித்த பிறகுதான் தோன்றுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதே நாட்களில் படகுப் போட்டியும் படகு அலங்கார அணிவகுப்பும் நடக்கும். அலங்காரப் படகுகளை அரசுத் துறைகளே ஆளுக்கொன்றாகச் செய்து இறக்குவார்கள். தங்கள் துறையின் திட்டத்தை ஒரு படகின் மேல் எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று அலுவலர்கள் படும் பாட்டைப் பார்ப்பதே தனி ரசனை.

நாய்கள் கண்காட்சிக்கு எங்கள் வீட்டு நாயைக் கொண்டு வரலாமா?

பெயர் பதிவு செய்து, தடுப்பூசிச் சான்று காட்டினால் வரலாம். ஆனால் கொண்டைஊசி வளைவுகளில் நாய்க்கும் வாந்தி வரும்.

இ-பாஸ் இன்னும் இருக்கிறதா? யாருக்கு வேண்டும்?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. அரசு இணையதளத்தில் வாகன எண், எத்தனை பேர், எத்தனை நாள் தங்கல் என்ற விவரங்களைக் கொடுத்தால் கிடைக்கும். கட்டணம் இல்லை. முதல் ஆண்டில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாததால் வெறும் பதிவாகவே இருந்தது. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் முடிய வரம்பு வந்தது: கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், சனி ஞாயிறுகளில் 6,000. மலை எவ்வளவு வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன. கிளம்பும் முன் நடப்பு உத்தரவை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரசு பஸ்ஸுக்குப் பாஸ் தேவையில்லை. இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. வத்தலக்குண்டிலோ பழனியிலோ பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பாஸ் கவலை இல்லை, வண்டி நிறுத்த இடம் தேடும் கவலை இல்லை. வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு அருகே சோதனைச் சாவடியில் கார்கள் வரிசை கட்டி நிற்கும்போது நீங்களும் அதே வரிசையில்தான் நிற்பீர்கள். ஆனால் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலிப்பது ஓட்டுநருக்கு.

தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தால் பிடுங்கிக்கொள்வார்களா?

5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு இங்கே தடை. மீறிக் கொண்டு வந்தால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று 2024-இல் அறிவித்தார்கள். எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீர் கொண்டு வாருங்கள்.

கொடைக்கானல் ஏரி இயற்கையானதா, வெட்டியதா?

கட்டியது. இப்போது ஏரி இருக்கும் இடம் முன்பு ஓடைகள் கூடும் சதுப்பு நிலம். 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் கரை எழுப்பி நீரைத் தேக்கினார். முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே. மோட்டார் சாலை இல்லாத காலம் அது. பெரியகுளத்துப் பக்கமிருந்து மலைப்பாதையில் ஆட்கள் சுமந்தும் குதிரை ஏறியும்தான் மேலே வர வேண்டும். அந்த ஏற்றத்தில் ஒரு படகைத் தூக்கிவந்தவர்கள் யாரென்று எந்தக் கல்வெட்டிலும் பெயர் இல்லை. லெவிஞ்சுக்கு நினைவுச் சிலுவை இருக்கிறது.

ஏரி ஏறத்தாழ 60 ஏக்கர். ஓடைகள் வந்து சேர்ந்த பள்ளங்களில் எல்லாம் நீர் புகுந்து நின்றதால் விரல் விரித்த கை மாதிரி இருக்கும். நட்சத்திர வடிவம் என்று சுற்றுலாப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். கரையில் நின்றால் நட்சத்திரம் எதுவும் தெரியாது. ஒரு முனையைத் தாண்டினால் இன்னொரு முனை வரும், அவ்வளவுதான்.

ஏரியைச் சுற்றி நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? எப்போது நடப்பது நல்லது?

சுற்றளவு சுமார் 5 கிலோமீட்டர். கை வீசி நடந்தால் ஒரு மணி நேரம். குழந்தைகளோடு என்றால் சோளக்கதிர்க் கடைகள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனை கால் மணி நேரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறு மணிக்கு நடப்பதுதான் நடை. அந்த நேரத்தில் நீரின் மேல் ஓர் ஆள் உயரத்துக்கு மூடுபனி நிற்கும். படகுத் துறையில் மிதிபடகுகளை ஒன்றோடு ஒன்று சங்கிலி போட்டுக் கட்டியிருப்பார்கள். இரவுப் பனி இருக்கைகளில் குட்டையாகத் தேங்கியிருக்கும். வேலைக்கு வரும் முதல் ஆள் ஒரு பழைய துணியால் ஒவ்வோர் இருக்கையாகத் துடைத்துக்கொண்டே போவார். குதிரைக்காரர்கள் குதிரைகளை ஓட்டி வருவார்கள். சவாரி தொடங்கும்வரை குதிரைகள் கரையோரப் புல்லைத் தாங்களே தேடி மேயும். டீக்கடையில் கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள். வெளியூர்க்காரர்கள் இன்னும் கம்பளிக்குள் இருப்பார்கள்.

ஒன்பது மணிக்கு மேல் வாடகை சைக்கிள்கள் வந்துவிடும். இரண்டு பேர் ஓட்டும் சைக்கிளை முதன்முதலாக ஏறிப் பார்க்கிறவர்கள் நேராக உங்களை நோக்கித்தான் வருவார்கள். மே மாதத்துச் சனிக்கிழமை என்றால் மாலையில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஏரியில் மீன் பிடிக்கலாமா? அந்த மீனைச் சாப்பிடலாமா?

தூண்டில் போட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சாப்பிடுவது பற்றி என் பதில்: நான் சாப்பிடுவதில்லை.

காரணம் பழையது. இங்கே இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவு விவகாரத்தில் 2001-இல் மூடப்பட்டது. உடைந்த வெப்பமானிகள் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததுதான் வெளியே தெரிந்த முதல் தடயம். பிறகு நடந்த ஆய்வுகளில் ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருந்தது பதிவாகியிருக்கிறது. தொழிலாளர்களின் நீண்ட போராட்டம் 2016-இல்தான் ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. பாதரசம் ஆவியாகிக் காற்றில் போகும், மழையில் திரும்பி வரும், சேற்றில் தங்கும், மீனுக்குள் சேரும். அவசரமாக ஊரைவிட்டுப் போய்விடும் பொருள் அல்ல அது.

ஏரி நிரம்பி வழியும் நீர்தான் நீங்கள் வரும் வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக 180 அடி விழுகிறது. எல்லோரும் வண்டியை நிறுத்தி அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேலே ஏரியில் ஒருவர் வீசிய நொறுக்குத்தீனிப் பொட்டலம் அதே வழியாகத்தான் கீழே வரும் என்பதையும் அங்கே நிற்கும்போது நினைத்துப் பார்க்கலாம். குளிக்க இறங்கும் முன்னாலாவது.

காட்டுமாடு ஊருக்குள் வருகிறதாமே? பார்த்தால் என்ன செய்வது?

வருகிறது. ஏழு ரோடு, நாயுடுபுரம், ஏரிச் சாலை என்று இடம் பார்ப்பதில்லை. இரவில் மட்டும் வந்தது போய், இப்போது பட்டப்பகலிலும் கடைவீதியைக் கடக்கிறது. முழு வளர்ச்சி அடைந்த ஆண் ஒன்றின் எடை 1,000 கிலோவை எட்டும். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போல இருக்கும். அதைப் பார்த்ததும் பலருக்கு ஏனோ இது சாதுவான பிராணி என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது எளிது: நில்லுங்கள், பின்வாங்குங்கள், அதற்கு வழி விடுங்கள். வீட்டுச் சுவர், வண்டி, மரம் ஏதாவது உங்களுக்கும் அதற்கும் இடையில் இருக்கட்டும். பலமாக மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தினால் அது பேசி முடித்துவிட்டது என்று பொருள். செல்ஃபி எடுக்கப் போய்க் குத்துப்பட்டவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. உள்ளூர்க்காரர்களும் அடிபடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் இருட்டில், வளைவில் எதிர்பாராமல் மோதிக்கொள்வதால். இரவு எட்டு மணிக்கு மேல் நடந்து போனால் டார்ச் கொண்டு போங்கள். விளக்கை அதன் கண்ணில் அடிப்பதற்கு அல்ல, முன்கூட்டியே பார்ப்பதற்கு.

ஏன் வருகிறது என்று கேட்டால், புல் தேடித்தான். இந்த மலையின் மேல்மட்டம் ஒருகாலத்தில் புல்வெளியும் இடையிடையே சோலைக்காடுமாக இருந்தது. தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில் எனப்படும் சீகை மரத்தையும், விறகுக்கும் மரக்கூழுக்கும் தைலமரத்தையும் பைன் மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். சீகை யாரையும் கேட்காமல் தானே பரவியது. அதன் அடியில் புல் வளர்வதில்லை. இப்போது நல்ல புல் இருக்கும் இடங்கள் விடுதித் தோட்டங்களும் பள்ளி மைதானங்களும். மாடு சரியான முகவரிக்குத்தான் வருகிறது.

இந்த ஆண்டு குறிஞ்சி பூத்திருக்கிறது என்று படம் வந்ததே?

வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் பூக்கிறது. மலையில் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030.

ஆனால் படம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் பொய் சொல்வதில்லை. குறிஞ்சி ஒரே செடி அல்ல. அந்த இனத்தில் பல வகைகள் இந்த மலைத்தொடர்களில் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பூக்கும் இடைவெளி வேறு, சில ஆண்டுதோறும் பூக்கும். ஆகவே சாலையோரத்தில் நீலநிறத்தில் ஒரு புதர் பூத்திருந்தால் அது குறிஞ்சியின் சொந்தக்காரியாக இருக்கலாம். மலைச்சரிவு முழுக்க நீலமாக மாறுவது நீலக்குறிஞ்சி பூக்கும்போது மட்டும். முறை தவறி அங்கங்கே ஒன்றிரண்டு செடி பூப்பதும் நடக்கும். ஒன்று நிச்சயம்: பூத்து, விதை விழுந்ததும் அந்தச் செடி செத்துவிடும். நீங்கள் ஒரு கொத்துப் பறித்தால் 12 ஆண்டு காத்திருந்த ஒரு செடியின் விதையைத்தான் பறிக்கிறீர்கள்.

2030 வரை பொறுக்க முடியாதவர்கள் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகலாம். 1936-இல் அதைக் கட்டியவர் லீலாவதி ராமநாதன். மேலைநாட்டில் பிறந்து, இலங்கையின் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவியவர். வானம் தெளிவாக இருந்தால் கோயிலுக்குப் பின்னாலிருந்து பழனி மலை தெரியும். மகன் அங்கே ஆண்டியாக நிற்பதை இங்கிருந்தே பார்ப்பது போல என்று என் பாட்டி சொல்வார்.

பேரிஜம் ஏரிக்குப் போக முடியுமா?

ஊரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல், முழுக்கக் காட்டுக்குள். வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாளில் குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்களைத்தான் விடுவார்கள். யானைக் கூட்டம் நடமாடினால் அன்றைக்கு வாசல் மூடப்படும். எத்தனை நாள் மூடியிருக்கும் என்பதை யானைகள்தான் சொல்ல வேண்டும். பெரியகுளத்துக்குக் குடிநீர் போகும் ஏரி என்பதால் படகு, கடை, இரைச்சல் எதுவும் இல்லை. கொடைக்கானல் ஏரிக்குக் கரையில் கடைகள் வருமுன் இருந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க விரும்பினால் அங்கே போங்கள்.

மலையேற்றம் போகலாமா? காட்டுத்தீ என்று ஏன் மூடிவிடுகிறார்கள்?

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை போகாதீர்கள். ஜனவரி உறைபனி புல்லைக் கருக்கிவிடும். அதன்மேல் இரண்டு மாத வெயில். மார்ச் மாதத்தில் சரிவில் நடந்தால் காலடியில் அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்கும். ஒரு பீடித் துண்டு போதும். வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டி, பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்கிறார்கள். இந்தச் செங்குத்தில் தீயணைப்பு வண்டி எங்கே ஏறும்?

2018 மார்ச்சில் பக்கத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் சிக்கிய மலையேற்றக் குழுவில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதன் ஓடிக் கடக்க முடியாது என்று அன்றைக்குத்தான் பலருக்கும் புரிந்தது. அதன்பின் மலையேற்ற விதிகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் அரசே "ட்ரெக் தமிழ்நாடு" என்ற பெயரில் 40 பாதைகளை இணையவழி முன்பதிவோடு திறந்தது. வழிகாட்டிகளாக இருப்பவர்கள் மலைக் கிராமங்களின் இளைஞர்கள். அந்த வழியில் போங்கள். "எனக்குத் தெரிந்த பாதை இருக்கிறது, அனுமதி வேண்டாம்" என்று விடுதி வாசலில் கூப்பிடுபவரோடு போகாதீர்கள்.

வட்டக்கானல் பக்கம் டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி இறங்கினால் வெள்ளகவி வரும். பெரியகுளத்திலிருந்து மலையேறி வந்த அந்தப் பழைய பாதையில் இருக்கும் கிராமம். ஊர் முழுவதும் கோயில்போல் கருதப்படுவதால் உள்ளே செருப்புப் போட்டு நடப்பதில்லை. போகிறவர்கள் அதை மதித்துக் கழற்றிவிட வேண்டும்.

சுற்றுலா விழாவைத் தவிர ஊர்க்காரர்களின் விழா எதுவும் இல்லையா?

இதைக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் கேட்டால் எனக்குச் சந்தோஷம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

தை, மாசி வாக்கில் பூம்பாறைக்குப் போங்கள். ஊரிலிருந்து 18 கிலோமீட்டர் அளவில் இருக்கும், படிப்படியாகப் பூண்டு வயல்கள் இறங்கும் கிராமம். அங்கே குழந்தை வேலப்பர் கோயிலில் தேர்த்திருவிழா. சிலையைப் போகர் செய்தார் என்பது நம்பிக்கை. மலைக் கிராமத்தில் சமதரை ஏது? தேர் இறக்கத்தில் தானாக ஓடிவிடக் கூடாது. அதனால் முன்னால் ஒரு வடம், பின்னால் ஒரு வடம். முன்னால் நிற்பவர்கள் இழுக்க, பின்னால் நிற்பவர்கள் பிடித்து நிறுத்துவார்கள். ஏற்றமும் இறக்கமும் மாறும்போது இரு பக்கத்தாரின் வேலையும் மாறிக்கொள்ளும். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அன்று முழுவதும் பூம்பாறையில்தான். யார் வீட்டு வாசலில் நின்றாலும் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், அப்புறம் மூன்று வீட்டில் சாப்பிட வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 14, 15 ஆகிய நாட்களில் சலேத் மாதா கோயில் திருவிழா. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1860-களில் எழுப்பிய சிறிய ஆலயம். இரவில் மாதாவின் தேர் மின்விளக்குகளோடு ஊர்த் தெருக்களில் வரும். அந்த மாதத்தில் மழையும் வரும். மழைக்காகத் தேர் நின்றதாக எனக்கு நினைவில்லை. குடைகளின் நடுவே நனைந்த சப்பரம் போவதையும், வாசலில் மெழுகுவத்தியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நிற்கும் பெண்களில் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள் பாதிப்பேர் இருப்பதையும் அன்றைக்குப் பார்க்கலாம்.

உறைபனி பார்க்க எப்போது வரவேண்டும்?

டிசம்பர் கடைசி, ஜனவரி. மழை ஓய்ந்து, மேகமே இல்லாத இரவாக இருக்க வேண்டும். மேகம் போர்வை மாதிரி. அது இருந்தால் தரை குளிராது. பள்ளமான இடங்களில்தான் விழும், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கித் தேங்குகிறது. ஏரிக்கரைப் புல்லில் விடியற்காலை உப்புத் தூவியது போல் இருக்கும். வெயில் பட்ட அரை மணியில் எல்லாம் தண்ணீர். ஒன்பது மணிக்கு எழுந்து வந்து "பனி எங்கே?" என்று கேட்டால், செருப்பு ஈரமாகியிருக்கிறதா என்று பாருங்கள் என்பேன்.

வாங்கிக்கொண்டு போக என்ன இருக்கிறது? சாக்லேட்தானா?

சாக்லேட் நன்றாகத்தான் இருக்கிறது, கொக்கோ மட்டும் இங்கே விளைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போங்கள். மேல்மலைக் கிராமங்களிலிருந்து கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மண்ணோடு வந்து இறங்கும். மலைப்பூண்டு வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நிறம் சற்று மங்கல், பல் சிறிது, காரம் அதிகம். பிடிப்பிடியாகத் தண்டோடு கட்டி, வீட்டில் அடுப்புக்கு மேல் புகைபடத் தொங்கவிட்டால் பல மாதம் கெடாது. கடைக்காரர் சமவெளிப் பூண்டைக் கலந்து கொடுத்தாரா என்று சந்தேகம் வந்தால் ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பாருங்கள். கண்ணில் நீர் வந்தால் சரி.

கோடையில் பிளம்ஸ், ஆடி மாதத்தில் பேரிக்காய். பேரிக்காய் கல் மாதிரி இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் பிடிக்கும், உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுச் சாப்பிட.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதுவும் மழை பெய்கிறது. என்ன செய்யலாம்?

வண்டி பிடித்து இடம் இடமாக ஓடாதீர்கள். தூண் பாறையில் பாறை தெரியாது, கோக்கர் நடைபாதையில் பள்ளத்தாக்கு தெரியாது, எல்லா இடத்திலும் ஒரே வெள்ளைச் சுவர்தான். 1901 முதல் சூரியனைக் கவனித்துவரும் வான் ஆய்வகத்தில்கூட அன்றைக்குச் சூரியன் கிடையாது.

ஏரிக்கரைக்கு வாருங்கள். படகு விடமாட்டார்கள். மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் தார்ப்பாயை ஒரு கம்பால் முட்டி, தேங்கிய நீரைப் பின்பக்கம் கொட்டிக்கொண்டிருப்பார். குதிரைகள் முதுகில் சாக்கோடு ஒரு மரத்தடியில் ஒட்டி நிற்கும். பெஞ்சில் இடம் இருக்கும், நகர்ந்து உட்காரச் சொன்னால் நகர்வார்கள். ஒரு தட்டு பஜ்ஜி சொல்லுங்கள். எண்ணெய் காய எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும்.